எதில் 40?

கேள்வி: பைக் விபத்தில் தம்பிக்கு வலது தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். 40 சதவீத ஊனம் என்று ஒரு டாக்டர் சான்றிதழ் தந்திருக்கிறார். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல், மெடிக்கல் போர்டுக்கு (ஊனத்தை அளக்கும் டாக்டர்கள் குழு) அனுப்பச் சொல்லி மனு போட்டிருக்கிறார். போகாமல் தப்பிக்க வழி உண்டா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எதற்குத் தப்பிக்க வேண்டும்? நஷ்டஈடு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகும் போகாவிட்டால், கையிலிருக்கும் சான்றிதழின் மேலும் சந்தேகம் விழும். என்னை உறுத்துவது அந்த 40. எதில் 40? காலிலா, முழு உடம்பிலா? கால் அளவில் 40 என்றால் முழு உடம்புக்கு அது நன்றாகக் குறைந்துவிடும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுதான்.

சிகிச்சையே பார்க்காமல் எழுதித் தரப்படும் சான்றிதழ்களை இந்தப் பக்கத்தில் திட்டிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் திட்டுவேன். அவற்றால் கெடுவது அடிபட்டவர்தான். ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றமும் அவற்றை உஷாராகப் பார்க்கச் சொன்னது. எழுதிய டாக்டர் கூண்டேறிப் பதில் சொல்லாவிட்டால் வெறும் தாள் நிரூபணம் ஆகாது.

போர்டில் என்ன பார்ப்பார்கள்? இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை இரண்டு கால்களையும் டேப்பால் அளப்பார்கள். அரசு விதிப்படி முதல் அரை அங்குலக் குறைவுக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் 4 சதவீதம். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றும் அளப்பார்கள். படுக்கையில் 60 டிகிரிக்கு மேல் மடங்காத கால் நாற்காலியில் 90க்கு மடங்கினால், அதையும் குறித்துவிடுவார்கள். நடிக்க வேண்டாம்.

இந்த விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, இரு காலில் நிற்பது, அடிபட்ட காலில் மட்டும் நிற்பது, குந்துவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, திரும்புவது என்று ஒன்பது செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம். குந்தாமல் இங்கே களை எடுக்க முடியுமா, டைல்ஸ் ஒட்ட முடியுமா? நம் ஊரில் பாதி வேலை தரையில்தான் நடக்கிறது. ஆகவே குந்த முடியவில்லை, சம்மணமிட முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அறிக்கையில் ஏறட்டும்.

விபத்தன்று எடுத்த எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு எல்லாம் கையோடு போகட்டும். எலும்பு இன்னும் கூடவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். சிகிச்சை முடிந்து நிலைமை மாறாமல் நின்ற பிறகு வரும் கணக்குதான் நிற்கும்.

போர்டு சொல்வது உடம்பின் சதவீதம் மட்டுமே. வருமான இழப்பு எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும். இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் ஏறக்குறைய முழு இழப்பு, அரசு குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கலாம் என்று அதே ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு விளக்குகிறது. தம்பி என்ன வேலை பார்க்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதற்கான ஆதாரத்தை இந்த வாரமே உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.