கேள்வி–பதில்: அகலில் ஏற்றும் ஹனுக்கா

கேள்வி: என் மனைவி யூதர்; யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்காவை வீட்டில் கொண்டாடுகிறோம். ஏற்காட்டில் வசிக்கிறோம். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 6. அக்கம்பக்கத்தில் கார்த்திகை தீபம், பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டு. "நம்ம ஹனுக்காவும் விளக்குதானே, எல்லாம் ஒண்ணுதானேப்பா?" என்கிறான் மகன். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், ஏற்காடு

பதில்: வாயால் விளக்குவதைவிட பிள்ளைகள் கையில் வேலையைக் கொடுங்கள். கார்த்திகைக்கு விற்கிற அகலே போதும், ஒன்பது வாங்குங்கள். முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அகல் எண்ணெயைக் குடித்துவிட்டு விளக்கு பாதியில் அணையும். எட்டை ஒரே மட்டத்தில் வரிசையாக வைத்து, ஒன்பதாவதை (ஷமாஷ், அதாவது மற்றவற்றை ஏற்றும் உதவி விளக்கு) ஒரு செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். அதனால்தான் மற்றவற்றை ஏற்ற வேண்டும். முதல் நாள் வலது ஓரத்தில் ஒன்று. பிறகு தினம் இடப்பக்கம் ஒன்று கூட்டி, புதியதை முதலில் ஏற்றி வலப்பக்கமாக வாருங்கள். மகள் திரி போடட்டும், மகன் எண்ணட்டும். எட்டு நாளில் ஷமாஷோடு 44 சுடர்.

ஆலிவ் எண்ணெய் சிறப்பு, நல்லெண்ணெயும் சரி. தேங்காய் எண்ணெய் ஏற்காட்டு டிசம்பர் குளிரில் உறைந்து திரியில் ஏறாது. இருட்டியபின் அரை மணியாவது எரிய வேண்டும். அந்த வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதக்கூடாது, பார்க்க மட்டும்தான். கதை சொல்ல அதுதான் நேரம்: கிரேக்க மன்னன் அந்தியோக்கு ஓய்வுநாளைத் (வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு வரை யூதர்கள் வேலை செய்யாத நாள்) தடைசெய்தான், மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் எதிர்த்து நின்று, கி.மு. 164-இல் எருசலேம் கோயிலை மீட்டுத் தூய்மைப்படுத்தினார்கள். அதன் நினைவுதான் ஹனுக்கா. சுற்றிலும் வேறு பண்பாடு சூழ்ந்திருந்தும் தங்களுடையதை விடாதவர்களின் கதை. உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

கார்த்திகைப் பொரி உருண்டை வருமே? சாமிக்குப் படைத்ததை யூதர்கள் உண்பதில்லை. "படைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து வெச்சிடுங்கக்கா" என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து கொடுக்கும்போது குழந்தை "வேண்டாம்" என்று சொல்வதுதான் மனதைப் புண்படுத்தும். ஹனுக்காவுக்கு எண்ணெயில் பொரித்ததுதான் பலகாரம். வடை சுட்டு பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். பள்ளியில் மற்றவர்கள் பாடுவதைக் கேட்கலாம், கைதட்டலாம். வழிபாட்டுப் பாட்டைப் பாடுவதிலிருந்து விலக்கு கேட்டு ஜூன் மாதமே வகுப்பு ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். நவம்பரில் கேட்டால் நிகழ்ச்சியில் இடம் ஒதுக்கி முடித்திருப்பார்கள்.

ஆனால் ஹனுக்கா எட்டே நாள். பிள்ளையை வளர்ப்பது வாராவாரம் வரும் வெள்ளி மாலைதான். அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு ஓய்வுநாள் விளக்கு. ஹனுக்கா வெள்ளியில் அகல்களை அதற்கும் முன்னதாக ஏற்றி, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும் அளவு எண்ணெய் விடுங்கள்; ஓய்வுநாள் தொடங்கியபின் அணைந்தால் திரும்ப ஏற்ற முடியாது. மலை மறைத்து வெயில் சீக்கிரமே போய்விடும், அதை நம்பாமல் நாட்காட்டியில் உள்ள அஸ்தமன நேரத்தைப் பாருங்கள்.