நாற்பது டெஸ்ட், நாற்பத்து மூன்று ரிசல்ட்!

கேள்வி: தினமும் இரவு 40 டெஸ்ட் ஓடி, முடிவு ஒரு லாக் ஃபைலில் விழும். ஃபைலில் வார்த்தை தேடும் கிரெப் கட்டளையில் மைனஸ் சி (பொருந்தும் வரிகளை எண்ண), மைனஸ் ஐ (பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமலிருக்க) போட்டு பாஸ், ஃபெயில் இரண்டையும் எண்ணுகிறேன். பாஸ் 39, ஃபெயில் 4 என்கிறது. எப்படி?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் அனுப்பிய லாக்கிலேயே பதில் இருக்கிறது. 'பாஸ்வேர்ட் ரீசெட் : ஃபெயில்' என்று ஒரு வரி, பாஸ்வேர்டுக்குள் பாஸ் இருக்கிறதே, அதையும் பாஸ் கணக்கில் சேர்த்துவிட்டது. கடைசி வரி '37 பாஸ்டு, 3 ஃபெயில்டு' என்ற சுருக்கம், அது இரண்டு பக்கமும் ஒன்று ஏற்றிவிட்டது. 37, 3 என்பதுதான் சரி.

முழு வார்த்தையை மட்டும் தேடும் மைனஸ் டபிள்யூ போட்டால் இந்த இரண்டும் போய்விடும், ஆனால் நாளைக்கே யாராவது ஒரு டெஸ்ட்டுக்கு 'பஸ் பாஸ் பிரிண்ட்' என்று பெயர் வைத்தால் மறுபடி அதே கதைதான். அதனால் வரி முழுக்கத் தேடாதீர்கள், முடிவு எந்த இடத்தில் வருகிறதோ அதை மட்டும் எடுங்கள். ஃபைலை வரி வரியாகப் படிக்கும் ஆக் என்ற கட்டளை இதற்கென்றே பிறந்தது மாதிரி: வரியை இடைவெளி பார்த்துத் துண்டாக்கும், கடைசித் துண்டு டாலர் என்எஃப். அதையே சாவியாக வைத்து ஓர் அர்ரேயில் ஒவ்வொன்றாகக் கூட்டி, எல்லா வரியும் முடிந்தபின் ஓடும் எண்ட் பகுதியில் அத்தனையையும் அச்சிடுங்கள். பைதான் என்றால் கலெக்‌ஷன்ஸில் உள்ள கவுன்ட்டர் இதே வேலையைச் செய்யும்.

இப்படி எண்ணினால் ஸ்கிப், எரர் என்று நீங்கள் எதிர்பார்க்காததும் தனித்தனியாகக் கண்ணில் படும், எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது. பாஸ் என்றே இரண்டு வரி வந்தால் பயப்படாதீர்கள். விண்டோஸிலிருந்து வந்த ஃபைலில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணும் முன் அதை உதறிவிடுங்கள்.

அப்புறம், கடைசிச் சுருக்க வரியைத் தள்ளிவிட்டு மொத்தம் 40 வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாதியில் செத்துப்போன டெஸ்ட் ஃபெயில் என்றுகூட எழுதாது. டெஸ்ட் முடிவுகளை எழுத பெர்ல் மொழி உலகத்திலிருந்து வந்த டேப் (டிஏபி) வடிவத்தில் 'ஒன்று முதல் நாற்பது வரை' என்று திட்டத்தையே ஒரு வரியாக எழுதிவிடுவார்கள், குறைந்தால் உடனே தெரியும். (அங்கே தோற்றால் 'நாட் ஓகே', அதற்குள்ளும் ஓகே இருக்கிறது, ஜாக்கிரதை!)

கேள்வி: எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும் நாளில் மட்டும் என் பாஷ் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. ஃபெயிலைக் கிரெப் மைனஸ் சி வைத்துத்தான் எண்ணுகிறேன், பிழை வந்தால் ஸ்கிரிப்ட் நிற்க மேலே செட் மைனஸ் ஈ போட்டிருக்கிறேன்.
– வாசகி, மதுரை

பதில்: ஃபெயில் ஒன்றுகூட இல்லை என்றால் கிரெப் 0 என்று சரியாக அச்சிட்டுவிட்டு, வெளியேறும்போது 1 என்ற நிலையைத் திருப்பித் தரும். செட் மைனஸ் ஈ அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும். பின்னால் 'அல்லது ட்ரூ' (இரட்டைச் செங்குத்துக் கோடு, பிறகு எப்போதும் வெற்றி என்றே சொல்லும் ட்ரூ கட்டளை) சேர்த்தால் ஓடும், ஆனால் லாக் ஃபைலே இல்லாதபோது வரும் 2-ஐயும் அது விழுங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ட்ரூவுக்குப் பதில் அதே 'அல்லது'க்குப் பின்னாலேயே நிலையை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள், 1 வரை விட்டுவிடுங்கள், 2 என்றால் நிறுத்துங்கள்.