விரிசல் கிடக்கட்டும், துளையை அளந்து பாருங்கள்

கேள்வி: வண்டன்மேட்டில் எங்களுக்கு ஏலக்காய் ஸ்டோர் (காய் உலர்த்தும் கூடம்) இருக்கிறது. காய் உலர்த்த, விறகை வாயுவாக்கி எரிக்கிற பாய்லர் போட்டிருக்கிறோம். உள்ளே நாசில் கல் (வாயு கீழே இறங்கும் துளை உள்ள கல்) விரிசல் விட்டுவிட்டது, கீழ் அறைக் கல்லும் உதிர்கிறது. கம்பத்திலிருந்து கொத்தனாரைக் கூட்டி வந்து சிமெண்ட் பூசிவிடலாமா? (வாசகர், வண்டன்மேடு)

பதில்: சிமெண்ட் மட்டும் வேண்டாம். வீடு கட்டுகிற சிமெண்ட் 500 டிகிரி வாக்கிலேயே பிடிப்பு விட்டு உதிர ஆரம்பித்துவிடும். உங்கள் பாய்லரில் மேல் அறை விறகிலிருந்து வரும் வாயு காற்றோடு கலந்து, நாசில் வழியாகக் கீழே இறங்கி எரிகிற இடத்தில் சூடு 1000 டிகிரியைத் தாண்டும்.

மயிரிழை விரிசலுக்காகக் கல்லை மாற்ற வேண்டியதில்லை, அது எல்லா பாய்லரிலும் வரும். நாசில் துளையை அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஓரம் அரித்துத் துளை அகன்றிருந்தாலோ, கல் பெயர்ந்து பின்னால் இரும்புத் தகடு தெரிந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். துளை அகன்றால் வாயுவும் காற்றும் சரியாகக் கலக்காது, புகை கூடும், விறகும் கூடுதலாகப் போகும்.

தயாரித்த கம்பெனியின் கல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அலுமினா கூடிய காஸ்டபிள் (தண்ணீர் விட்டுக் குழைத்து வார்க்கிற, சூடு தாங்கும் கலவை) வாங்கி, அச்சு கட்டி வார்க்கலாம். மூட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். கொத்தனார்கள் கரண்டி சுலபமாக ஓடட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். கலவையை உருட்டித் தூக்கிப் போட்டுப் பிடித்தால் உருண்டை உடையவும் கூடாது, விரலிடுக்கில் வழியவும் கூடாது. கல்லை இரும்போடு இறுக்கி வைக்காமல் நடுவில் சூடு தாங்கும் செராமிக் ஃபைபர் விரிப்பு கொடுங்கள், சூட்டில் கல் விரியுமே. நாசிலுக்கு அடியில் ஃபைபர் கயிறு வைக்க மறந்தால் வாயு துளையை விட்டுவிட்டுச் சந்து வழியாகப் போய்விடும். அப்புறம், பழைய ஃபைபரைப் பிரிக்கும்போது அதை நனைத்துக்கொண்டு முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பாய்லர் முழுக்க ஆறி, கதவெல்லாம் திறந்து காற்றோடிய பிறகுதான் உள்ளே தலையை நீட்ட வேண்டும், கங்கு மிச்சமிருந்தால் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

வார்த்த கல் ஒரு நாள் ஈரத்தோடு இறுகட்டும், பிறகு ஆற உலரட்டும். முதல் தீ சுள்ளித் தீதான். 110 டிகிரி வாக்கில் பல மணி நேரம் நிறுத்தி, மூட்டையில் இருக்கும் அட்டவணைப்படி படிப்படியாக ஏற்றுங்கள். தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும், உள்ளே மாட்டிய ஈரம் கல்லையே வெடிக்க வைத்துவிடும். காய் பறித்துக் குவிந்து கிடக்கும்போது இந்தப் பொறுமை யாருக்கும் வராது, அதனால் வேலையைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: நாசில் சீக்கிரம் தேயாமல் இருக்க என்ன வழி? (வாசகர், கூடலூர்)

பதில்: விறகை மேலிருந்து வீசாதீர்கள், கடப்பாரையால் கிளறாதீர்கள். மழையில் நனைந்த சில்வர் ஓக் மர விறகை அப்படியே போடாமல் கூரைக்கு அடியில் அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு எரியுங்கள்.