பேன் பார்க்கும் அம்மா, வெயிலைப் பார்க்கும் நாய்

வீட்டுக்குள் குழந்தை இருக்கிற பழைய ஓவியங்களில் ஒளிந்திருக்கும் குறியீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குறியீட்டைக் கடைசியில்தான் தேடுவேன். முதலில், யார் என்ன செய்கிறார்கள், யார் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனிப்பேன்.

டச்சு ஓவியர் பீட்டர் டி ஹூக் 1660-ஐ ஒட்டி வரைந்த ஒரு படம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரோடு சேர்ந்த கட்டிலின் முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை மண்டியிட்டு அவள் மடியில் தலை சாய்த்திருக்கிறது. அச்சில் முதன்முறை பார்த்தபோது, அழுகிற பிள்ளையைத் தேற்றுகிறாள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் விரல்களைக் கவனித்தேன். பேன் பார்க்கிறாள்!

இதற்கு ஒரு குறியீட்டு விளக்கம் உண்டு. தலையைச் சுத்தம் செய்வது, பிள்ளையின் மனதைச் சுத்தம் செய்து நல்வழியில் வளர்ப்பதற்கு அடையாளம் என்பார்கள். சும்மா சொன்னதில்லை. 1614-இல் டச்சுக் கவிஞர் ரூமர் விஸ்ஸர் வெளியிட்ட குறியீட்டுப் படத் தொகுப்பிலேயே சீப்புக்கு 'தூய்மையாக்கும், அழகாக்கும்' என்று பொருள் தந்திருக்கிறார். ஆனால் இந்த அம்மா சீப்பை எடுக்கவில்லை. விரலால்தான் துழாவுகிறாள். அதனால் அந்த விளக்கம் பொய்யாகிவிடாது, சரி. இருந்தாலும் அதோடு நிறுத்திக்கொண்டால் படத்தில் பாதியை விட்டுவிடுவோம்.

விட்டுப்போகிற பாதி, பின்னால் இருக்கிற நாய். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த அறையின் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. முன்னறை மங்கல், அங்கே பளிச்சென்ற வெளிச்சம். பேன் பார்க்க உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் அசைய முடியாது. கழுத்து வலிக்கும், முழங்கால் மரத்துப்போகும். ஓடிவிடத் தோன்றும், அம்மாவின் மடியும் சுகமாக இருக்கும். நம்மால் குழந்தையின் மனதைப் படிக்க முடியவில்லை. அதன் ஆசையை ஓவியர் நாயிடம் கொடுத்துவிட்டார் என்பது என் ஊகம்.

வலது ஓரத்தில் ஒரு மர நாற்காலியும் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் ஆய் போக உட்காருகிற ஓட்டை நாற்காலிதான். அதற்கும் உயர்ந்த தத்துவம் ஏதாவது இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்கத் தயார். மடியில் கிடக்கிற பிள்ளை கொஞ்ச நாள் முன்புவரை அதில்தான் உட்கார்ந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.