ஆக்சசிபிலிட்டி துறையில் வேலை கிடைக்குமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகள் மூன்றாமாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார். வளாகத் தேர்வு நெருங்குகிறது. இந்த நேரத்தில் பார்வையற்றோர் பயன்படுத்தும்படி மென்பொருளை மாற்றும் ஆக்சசிபிலிட்டி வேலைக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்கிறார். அது சேவைதானே, சம்பளம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனதோடு செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அடிப்படையில் அது கடினமான பொறியியல், அதை ஆழமாகத் தெரிந்தவர்கள் குறைவு. அதற்குள் எந்தப் பக்கம் போகிறார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்தத் துறை என்றதும் பலரும் நினைப்பது சோதனை வேலையை. பட்டியலை வைத்துக்கொண்டு இணையதளங்களில் குறை கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது. நுழைய அது நல்ல வழி. ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம் என்பேன். குறையைச் சொல்பவரைவிட அதை அடியிலிருந்து சரிசெய்யத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

அடியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருள். பெரும்பாலும் அது திரையின் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. 'இது ஒரு பட்டன், பெயர் அனுப்பு' என்று செயலியே இயங்குதளத்திடம் தகவல் தர வேண்டும். ஸ்கிரீன் ரீடர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்தத் தகவலைத் தரும் முறை ஒவ்வொரு இயங்குதளத்திலும் வேறு. விண்டோஸில் 1997இல் ஆக்டிவ் ஆக்சசிபிலிட்டி வந்தது, பிறகு யூஐ ஆட்டோமேஷன் வந்தது, இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ. மேக்கில் ஆப்பிளின் சொந்த முறை. டிக் போடும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் யூஐ ஆட்டோமேஷனில் அதன் நிலையை 'டாகிள்' என்ற தனி இடைமுகம் சொல்கிறது. மேக்கில் அது 0, 1, 2 என்ற மதிப்பு. லினக்ஸில் 'செக்டு' என்ற நிலைக்கொடி. ஒரே பெட்டி, ஒரே பொருள், மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்.

ஒரே மென்பொருளை எல்லாக் கணினியிலும் ஓட்ட விரும்பும் எவரும் இங்கே வந்து முட்டிக்கொள்கிறார்கள். குரோமியம், பயர்பாக்ஸ் ஆகிய பிரவுசர்கள், செயலிகளின் திரையை அமைக்க உதவும் க்யூடி எல்லாவற்றுக்குள்ளும் இதற்கென்றே ஓர் அடுக்கு இருக்கிறது. ஒரு பெட்டியைச் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். பாதுகாப்புக்காக பயர்பாக்ஸ் இணையப் பக்கங்களைத் தனித்தனி ப்ராசஸ்களில், அதாவது தனியே இயங்கும் நிரல்களில், ஓட்டுகிறது. ஸ்கிரீன் ரீடர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அங்கே போய்த் திரும்பினால் பெரிய பக்கங்கள் நகரவே நகராது. அதனால் தகவலின் நகல் ஒன்றை முதன்மை ப்ராசஸிலேயே வைத்திருக்கும்படி அடித்தளத்தையே மாற்றி எழுதினார்கள்; 2023இல் வந்த பயர்பாக்ஸ் 113 அப்படித்தான் வந்தது. இதைச் சேவை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

உங்கள் மகள் பார்க்க வேண்டிய இன்னொன்று ஆக்சஸ்கிட். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட திறமூல நிரல் நூலகம். செயலி தன் திரையமைப்பை ஒரு முறை சொன்னால் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மொழிகளுக்கு அதுவே மாற்றித் தருகிறது. காடோ என்ற கேம் என்ஜின் 2025இல் தன் 4.5ஆம் பதிப்பில் ஸ்கிரீன் ரீடர் வசதியைக் கொண்டுவந்தது இதை வைத்துத்தான்.

இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு பலம் உண்டு. 'நி' நமக்கு ஓர் எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் அது இரண்டு குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். கர்சர் எங்கே நிற்கிறது என்பதை விண்டோஸும் மேக்கும் யூடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறையின் அலகில் எண்ண, லினக்ஸின் ஏடி-எஸ்பிஐ யூனிகோடு குறியீடுகளாக எண்ணுகிறது. தமிழில் இவ்விரண்டும் ஒத்துப்போகும். நடுவே ஓர் எமோஜி வந்தால் கணக்கு விலகிவிடும். அம்புக்குறியைத் தட்டும்போது 'நி' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'ந' மட்டும் கேட்டால் படிப்பவர் தடுமாறுவார். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. உங்கள் மகள் கண்ணில் முதல் நாளே படும்.

தேவை இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கிச் சேவை, இணைய வணிகம், மின்னூல் எல்லாம் அதற்குள் வருகின்றன. ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்யும் சென்னை, கோவை நிறுவனங்களும் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஆனாலும் 'ஆக்சசிபிலிட்டி இன்ஜினியர்' என்ற பெயரில் புதியவர்களுக்கு வரும் விளம்பரங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆகவே வளாகத் தேர்வில் பொதுவான மென்பொருள் வேலை வந்தால் மகள் மறுக்க வேண்டாம். பிரவுசர், டெஸ்க்டாப், மொபைல் செயலி என்று திரையோடு சம்பந்தப்பட்ட குழு கிடைத்தால் இன்னும் நல்லது. காசு கட்டிச் சான்றிதழ் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது வேறு. என்விடிஏ விண்டோஸில் ஓடும் இலவச ஸ்கிரீன் ரீடர். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. பெரும்பகுதி பைத்தானில் இருப்பதால் மாணவர்களால் படிக்க முடியும். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. மகள் மானிட்டரை அணைத்துவிட்டு அதை வைத்தே சில நாள் வேலை செய்து பார்க்கட்டும். பிறகு லினக்ஸில் ஆர்கா என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்து அதே வேலை. மேக் வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. இரண்டு இயங்குதளங்களை ஆழமாகத் தெரிந்துகொண்டால் மூன்றாவது தானே பிடிபடும். சி++ அல்லது ரஸ்ட், இரண்டில் ஒன்றை நன்றாகக் கற்கட்டும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தமிழில் தட்டச்சு செய்யும் ஒரு சிறிய எடிட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது இரண்டு இயங்குதளங்களிலும் ஸ்கிரீன் ரீடரோடு சரியாகப் பேச வேண்டும். கல்லூரியில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் இருந்தால் தொடக்கத்திலேயே அவர்களைக் கேட்டு வடிவமைக்கட்டும். அவர்கள் பெயரும் புராஜெக்ட் அறிக்கையில் வரட்டும். நேர்காணலில் அந்த எடிட்டரைத் திறந்து காட்டினால், அடுத்த அரைமணி நேரக் கேள்விகள் அதைப் பற்றியே இருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்ல உங்கள் மகளுக்கு யாருடைய பயிற்சியும் தேவைப்படாது.