லண்டனில் பழைய கிடங்கை மாற்றிக் கட்டிய லாஃப்ட் ஒன்றைத் தனி மொட்டைமாடியோடு வாங்கப்போகிறேன். கையெழுத்துப் போடுமுன் எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

முதலில் மொட்டைமாடியைப் பாருங்கள், வீட்டைப் பிறகு பார்க்கலாம். இந்த மாதிரி வீடுகளில் விலையைத் தூக்குவது அதுதான். வாங்கிய பின் வழக்கையும் ஒழுக்கையும் இழுத்துவருவதும் பெரும்பாலும் அதுதான். ஏஜென்ட் தாளில் 'பிரைவேட் ரூஃப் டெரஸ்' என்று அச்சடித்திருப்பதால் அது உங்கள் சொத்தாகிவிடாது. உங்கள் வீட்டுக் கதவு வழியாக மட்டுமே அங்கே போகமுடியும் என்பதும் உரிமைக்குச் சான்று அல்ல.

லண்டனில் லாஃப்ட்கள் ஏறக்குறைய எல்லாமே லீஸ்ஹோல்ட். லீஸ் பத்திரத்தில் எழுதியிருக்கும் பகுதி, எழுதியிருக்கும் ஆண்டுகளுக்கு உங்களுக்கு, கட்டடம் ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது அதன் மூல உரிமையாளருக்கு. ஆகவே சொலிசிட்டரிடம், அதாவது உங்கள் வழக்கறிஞரிடம், மூல லீஸையும் அதோடு இணைத்த வண்ண வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். கறுப்பு வெள்ளை நகல் உதவாது. வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடும், மாடிக்கு மட்டும் பச்சையோ நீலமோ போட்டிருந்தால், அந்த நிறத்துக்கு லீஸின் உள்ளே என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாடி வீட்டோடு சேர்த்தே லீஸில் அடங்கியிருந்தால் நல்லது. 'தனியாகப் பயன்படுத்தும் உரிமை' என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஆனால் அதில் எதையும் கட்டவோ மாற்றவோ முடியாது. ஒரு கடிதத்தில் கொடுத்த அனுமதி, அதாவது லைசென்ஸ் என்றால், அது விற்பவருக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்தது. வீடு கைமாறும்போது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். சில வீடுகளில் எந்தக் காகிதமும் இருக்காது. யாரோ ஒருவர் ஜன்னலை உடைத்துக் கதவு வைத்து, கூரையில் பலகை போட்டு, நாற்காலி வைத்திருப்பார்.

காகிதம் இல்லாத மாடிக்கு ஃப்ரீஹோல்டரிடம் பணம் கட்டி உரிமை வாங்கமுடியும். அந்தச் செலவை விற்பவர் தலையில் வைத்து, எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது இருவரும் ஒப்பந்தத்தால் கட்டுப்படும் கட்டத்துக்கு, முன்பே முடிக்கச் சொல்லுங்கள். ஒரு நுணுக்கம்: பழைய லீஸில் புதிதாக இடத்தைச் சேர்த்துத் திருத்தினால், பழையதை ஒப்படைத்துவிட்டுப் புது லீஸ் எடுத்ததாகச் சட்டம் கருதும். அதனால் மாடிக்கு மட்டும் அதே முடிவுத் தேதியோடு துணை லீஸ் ஒன்று எழுதிப் பதிவுசெய்வதே துப்புரவான வழி.

உரிமை சரியாக இருந்தாலும் இன்னும் இரண்டு வரிகளைத் தேடவேண்டும். ஒன்று, தரையின் எந்த அடுக்கு வரை உங்களுடையது? பல லீஸ்களில் மேலே பதித்த ஓடோ பலகையோ உங்களுடையது, அதன் கீழுள்ள நீர்த்தடுப்புப் படலமும் தளமும் ஃப்ரீஹோல்டருடையது. படலம் பழுதானால் அவர்கள் சரிசெய்து எல்லோருக்கும் சர்வீஸ் சார்ஜில், அதாவது கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தில், பங்கு போடுவார்கள். ஆனால் உங்கள் பலகையைக் கழற்றி மறுபடி போடும் செலவு உங்களுடையது. இரண்டாவது, அந்த மாடி பக்கத்து வீடுகளின் தீ விபத்துத் தப்பும் வழியா? பழைய கிடங்குகளில் இரண்டாவது படிக்கட்டு இல்லாத இடங்களில் கூரை வழியாக அடுத்த கட்டடத்துக்குத் தப்பிப்போகும் ஏற்பாடு உண்டு. அப்படியானால் அங்கே பூந்தொட்டியோ தடுப்போ வைத்து வழியை மறைக்கக்கூடாது. அந்தக் கதவைப் பூட்டவும் கூடாது.

அடுத்தது கவுன்சில், அதாவது உள்ளூராட்சி. தட்டைக் கூரையை மொட்டைமாடியாகப் புழங்குவதற்கும் பெரும்பாலும் பிளானிங் அனுமதி வேண்டியிருக்கும். பக்கத்து ஜன்னல்களுக்குள் பார்வை போகும் என்பதால், கட்டடத்தை வீடுகளாக மாற்ற அனுமதித்தபோதே 'இந்தத் தட்டைக் கூரையை மாடியாகப் பயன்படுத்தக்கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுவது கவுன்சில்களின் வழக்கம். அந்த அனுமதித் தாளை எடுத்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். 'இத்தனை வருஷமாக இருக்கிறது, யாரும் கேட்கவில்லை' என்று ஏஜென்ட் சொன்னால் ஆண்டைக் கேளுங்கள். அனுமதியில்லாத வேலைமீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கக் காலவரம்பு உண்டு: இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் கட்டுமானத்துக்கும் 10 ஆண்டுக் கணக்குதான். அதற்கு முன் முடிந்த கட்டுமானத்துக்குப் பழைய 4 ஆண்டு விதி. நிபந்தனை மீறலுக்கு அப்போதும் 10 ஆண்டு. காலம் கடந்துவிட்டது என்றால் கவுன்சிலிடம் சட்டப்பூர்வச் சான்றிதழ் வாங்கித் தருவது விற்பவர் வேலை. ஆனால் கட்டடம் லிஸ்டட், அதாவது பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது என்றால் இந்த ஆண்டுக் கணக்கு உதவாது. அனுமதியில்லாமல் லிஸ்டட் கட்டடத்தில் செய்த மாற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது; முந்தைய உரிமையாளர் செய்ததாக இருந்தாலும் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்கு வரும். தேம்ஸ் கரையிலுள்ள பல கிடங்குகள் கிரேடு 2 பட்டியலில் உள்ளவை.

அனுமதி இல்லை என்று தெரிந்ததும் விற்பவர் பக்கம் 'இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்' என்பார்கள். சில நூறு பவுண்டில் முடிகிற காரியம் என்பதால் அவர்களுக்கு அது வசதி. கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்தை அது ஈடுசெய்யும். பலவீனமான தளத்தையோ ஒழுகும் கூரையையோ சரிசெய்து தராது. இன்னொன்று, நீங்களாகக் கவுன்சிலுக்கு மின்னஞ்சலோ தொலைபேசியோ செய்துவிட்டால் அதன்பின் அந்தக் காப்பீடு கிடைக்காது. இணையத்தில் உள்ள பழைய விண்ணப்பங்களைப் படிப்பதில் தவறில்லை. அதிகாரியிடம் பேசுவதற்கு முன் சொலிசிட்டரைக் கேளுங்கள்.

இனி எடை. ஆட்கள் ஏறாத கூரையைச் சதுர மீட்டருக்கு 0.6 கிலோநியூட்டன், அதாவது சுமார் 60 கிலோ மேற்சுமைக்கே கணக்கிடுவார்கள். வீட்டு மொட்டைமாடியென்றால் 2.5 கிலோநியூட்டன், சுமார் 250 கிலோ. இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். 30 செ.மீ. ஆழத் தொட்டியில் நனைந்த மண் மட்டுமே சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். கறிவேப்பிலையும் கத்தரியும் வளர்க்க ஆசைப்படுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: தொட்டிகளைச் சுவரோரமாக, உத்தரங்கள் சுவரில் தாங்கும் இடத்தின் மேல் வைக்கவேண்டும், நடுவில் அல்ல. மாடி அமைத்தபோது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்ட கணக்கும், கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் கொடுத்த நிறைவுச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் சொந்தச் செலவில் ஓர் இன்ஜினியரை அழைப்பது வீண் செலவல்ல. கைப்பிடிச் சுவரையும் அளந்து பாருங்கள். தரையிலிருந்து 1,100 மி.மீ. இருக்கவேண்டும், 100 மி.மீ. உருண்டை நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. பழைய கிடங்கின் செங்கல் கைப்பிடிச் சுவர் பல இடங்களில் இடுப்புக்கும் கீழேதான் நிற்கும்.

தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் கதவடியில்தான். நீர்த்தடுப்புப் படலம் முடிந்த தரைமட்டத்துக்கு மேல் 150 மி.மீ. சுவரில் ஏறியிருக்கவேண்டும். படியில்லாமல் நேராக வெளியே நடக்கவேண்டும் என்று கண்ணாடிக் கதவைத் தரையோடு சமமாக வைத்திருந்தால், அங்கே மட்டும் அந்த ஏற்றம் இருக்காது. அப்படியானால் கதவின் முன்னே கம்பிமூடியோடு வடிகால் இருந்தாகவேண்டும். கூரைக்கு 80-க்கு 1 என்ற சரிவாவது வேண்டும். மழை நின்ற இரண்டாம் நாளும் தேங்கிய இடம் தெரிந்தால் சரிவு இல்லை என்று அர்த்தம். வடிகுழாய் ஒன்றே ஒன்று என்றால், அது இலை அடைத்து நின்றால் தண்ணீர் வெளியேற மாற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பலகையை நேராகக் கூரையில் திருகி அடித்திருந்தால் ஒவ்வொரு திருகும் ஓர் ஓட்டை. உயரம் சரிசெய்யும் கால்களின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பலகைதான் சரி. எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு. மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, மேற்கூரையில் கறை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையில் வராத செய்தி அங்கே கிடைக்கும்.

கட்டடத்துக்கு வருவோம். டவர் பிரிட்ஜ் பக்கத்து பட்லர்ஸ் வார்ஃப் 1871-73-இல் எழுந்தது. தேயிலையும் மிளகும் ஏலமும் வந்திறங்கிய இடம். சின்னமன் வார்ஃப், கார்டமம் பில்டிங் என்று அங்கே பெயர்கள் இன்னும் இருக்கின்றன. மூட்டைகளுக்காகக் கட்டியதால் தளம் வலுவானது, சுவர் கனமானது. பலவீனம் வேறு இடங்களில். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமென்டால் இணைப்புப் பூசியிருந்தால், ஈரம் காரை வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறி, பனிக்காலத்தில் உறைந்து முகப்பை உரித்துவிடும். சுவருக்குள் புதைந்த இரும்பு துருப்பிடித்துப் பருத்தால் மூலைகளில் விரிசல் விழும். சுவரில் செருகிய மர உத்தரங்களின் முனைகள் உளுத்திருக்கும், குறிப்பாக உடைந்த மழைநீர்க் குழாய்க்குப் பின்னால். இதற்கெல்லாம் சர்வே வேண்டும்: சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ் வகுத்த, மிக விரிவான லெவல் 3. லெவல் 2 போதாது. வங்கியின் மதிப்பீட்டை சர்வே என்று நினைத்துவிடாதீர்கள்.

சத்தம் பலர் நினைக்காத விஷயம். மரத்தளத்தில் வெறும் பலகை அழகுதான், ஆனால் பல பழைய லீஸ்களில் தரை முழுக்கக் கம்பளம் விரிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. முந்தையவர் கம்பளத்தை எடுத்துப் பலகையை மெருகேற்றி விற்பார். கீழ்வீட்டுக்காரர் புகார் செய்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். 2003 ஜூலையிலிருந்து மாற்றிக் கட்டும் வீடுகளுக்குக் காற்றொலித் தடுப்பு 43 டெசிபெலாவது, காலடிச் சத்தம் 64-க்கு மேல் போகாமல் என்று விதி கடுமையானது. அதற்கு முந்தைய கட்டடத்தில் அந்த அளவை எதிர்பார்க்கமுடியாது. மாலை 7 மணிக்கு மேல் ஒருமுறை போய் நின்று கேளுங்கள்.

இடைத்தட்டு, அதாவது மெசனைன் இருந்தால், அதைப் படுக்கையறையாக எண்ணி விலை கொடுக்குமுன் சான்றிதழ் கேளுங்கள். 1.5 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பகுதியை ஏஜென்ட் பரப்பளவில் சேர்த்துக் காட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். தீ விதிப்படி, தப்பும் ஜன்னல் இல்லாத தட்டு கீழறையின் பாதியையாவது பார்க்கும்படி திறந்திருக்கவேண்டும். அதன் எந்த மூலையிலிருந்தும் படித்தலைக்கு 7.5 மீட்டருக்குள், படியடியிலிருந்து அறைக்கதவுக்கு 3 மீட்டருக்குள் இருக்கவேண்டும். சமையலிடத்தைத் தீத்தடுப்புச் சுவரால் பிரிக்கவேண்டும், அல்லது தப்பும் பாதையை மறிக்காதபடி தள்ளி அமைக்கவேண்டும். லாஃப்டில் அடுப்பு நடுக்கூடத்தில், படிக்கட்டை ஒட்டி இருப்பதுதான் வழக்கம். அங்கேதான் சிக்கல்.

இப்போது பணம். 1985-இல் 125 ஆண்டு லீஸ் எழுதியிருந்தால் 2026-இல் மீதி 84. 99 ஆண்டு என்றால் மீதி 58 மட்டும். மீதி 80-க்குக் கீழே போனால் நீட்டிப்புச் செலவில் 'மேரேஜ் வேல்யூ', அதாவது நீட்டிப்பால் வீட்டு மதிப்பில் கூடும் தொகையில் ஃப்ரீஹோல்டருக்குரிய பங்கு, சேர்ந்துவிடும். 2024-இன் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில் அதை நீக்கும் பிரிவு உண்டு; அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டே கணக்குப் போடுங்கள். வாங்கி இரண்டு ஆண்டு காத்திருந்தால்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31-இல் போய்விட்டது.

11 மீட்டர் உயரமோ 5 மாடியோ உள்ள கட்டடமென்றால் 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் தகுதியுள்ள லீஸ்காரர்களைத் தீப்பாதுகாப்புச் சீரமைப்புச் செலவிலிருந்து காக்கிறது. ஆனால் 1992 ஜூன் 28-க்குப் பின் நடந்த வேலையில் உண்டான குறைகளுக்கே அந்தப் பாதுகாப்பு. எண்பதுகளில் மாற்றிக் கட்டிய கிடங்கு, அந்த மூல வேலையைப் பொறுத்தவரை, வெளியே நிற்கிறது. லாஃப்ட் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் விற்பவர் தரப்பு இதைத் தானாகச் சொல்லப்போவதில்லை. இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டா என்பதைக் காட்டும் தாள்களான, விற்பவரின் டீட் ஆஃப் சர்டிஃபிகேட்டையும் ஃப்ரீஹோல்டர் தரும் லேண்ட்லார்ட் சர்டிஃபிகேட்டையும் கேளுங்கள்.

சர்வீஸ் சார்ஜுக்கு மூன்று ஆண்டுக் கணக்கு, ரிசர்வ் நிதியில் எவ்வளவு இருக்கிறது, செக்‌ஷன் 20 நோட்டீஸ் ஏதும் வந்திருக்கிறதா, இந்த மூன்றும் எல்பிஇ1 என்ற லீஸ்ஹோல்ட் விவரப் படிவத்தில் வரும். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் விழும் பெரிய வேலைக்கு அந்த நோட்டீஸ் கொடுத்தாகவேண்டும். கூரை மாற்றும் நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால், அந்தத் தொகையை விற்பவர் பணத்திலிருந்து பிடித்துவைக்க ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக முத்திரை வரி. 6,00,000 பவுண்டு வீட்டுக்கு வழக்கமான வரி 20,000. உங்கள் பேரிலோ, கணவன் மனைவி பேரிலோ உலகில் எங்கேயாவது 40,000 பவுண்டு மதிப்புக்குக் குறையாத இன்னொரு வீடு இருந்தால், முழு விலைக்கும் மேலும் 5 சதவீதம், அதாவது இன்னும் 30,000. யாழ்ப்பாணத்து வீடும் சென்னை ஃபிளாட்டும் இதில் சேரும். இங்கே குடியிருக்கும் வீட்டை விற்று மாறுகிறீர்கள் என்றால் இது இல்லை. பெற்றோர் வழியாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாமல், வந்து மூன்று ஆண்டும் ஆகவில்லை என்றால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஊரில் பாகப்பிரிவினை நடந்த தேதியையும் பத்திரத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொலிசிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.