அக்டோபர் மாதமும் நான்காம் கட்டமும்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு விளம்பரங்களையும் டிவி, பத்திரிகைச் செய்திகளையும் பார்க்கும்போது நோயாளிகளுக்கு எப்படி இருக்கும், ஆறுதலா எரிச்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலோ நெருங்கிய நட்பிலோ யாருக்கோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் எல்லோரும் அதன் அடையாளமான பிங்க் ரிப்பன் படத்தை அனுப்புகிறார்களே, நாமும் அனுப்பலாமா, அனுப்பினால் மனசு கஷ்டப்படுவார்களோ என்ற தயக்கம் கேள்வியிலேயே தெரிகிறது. அப்படித் தயங்கியதற்கு முதலில் நன்றி. என்னிடம் யாரும் கேட்டுவிட்டு அனுப்பியதில்லை.

எல்லா நோயாளிகளுக்காகவும் நான் பேச முடியாது. என்னோடு ஒரே வார்டில் கீமோ எடுத்த தோழி ஒருத்தி, சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறாள். வருடா வருடம் பிங்க் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு விழிப்புணர்வு நடைப்பயணத்தில் கலந்துகொள்கிறாள். அவளுக்கு அது பெரிய தெம்பு, அதைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் நான்காம் கட்டத்தில் இருப்பவள். எலும்புக்குப் பரவியிருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் கண்டுபிடித்தது இரண்டாம் கட்டத்தில். குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டது, உடனே டாக்டரிடம் போனேன். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, அதன்பிறகு வருடக்கணக்கில் டாமாக்சிஃபென் என்ற, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. போஸ்டரில் என்னென்ன செய்யச் சொல்கிறார்களோ அத்தனையும் செய்தவள் நான். ஒரு செக்கப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது முதுகு வலி வந்தது. ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பிலும் இடுப்பிலும் இருக்கிறது.

ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் பத்து வருடம், சமயத்தில் இருபது வருடம் கழித்துக்கூடத் திரும்பி வரலாம். இது மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். எந்த விளம்பரத்திலாவது இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுவதும் குணமாகும்’ என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள், எனக்குப் பரவிவிட்டது என்று கேட்டதும் முதலில் கேட்பது, “ஏன், ஒழுங்கா செக்கப் போகலையா?” எத்தனை பேரிடம் விளக்கம் சொல்வது? என் உடம்பு சரியில்லை என்பதைவிட, நான் ஏதோ தப்பு செய்திருப்பேன் என்ற அந்தப் பார்வைதான் என்னை அதிகம் நோகடித்திருக்கிறது.

பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அக்டோபரில், நான் சிகிச்சை எடுக்கும் இடத்துக்கு ஒரு நிருபர் பேட்டிக்கு வந்தார். சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டார், நானும் மனம் விட்டுப் பேசினேன். இது எலும்புக்குப் பரவியது, இனி முழுக் குணம் என்ற பேச்சுக்கு இடமில்லை, கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்வதுதான் சிகிச்சை, 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி, மாதாமாதம் ஊசி, ஒரு மருந்து வேலை செய்யாமல் போனால் அடுத்த மருந்து என்று எல்லாம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். கூட வந்த போட்டோகிராபர் பையிலிருந்து ஒரு பிங்க் ஸ்கார்ஃபை எடுத்து, தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். எனக்கு அப்போது தலை நிறைய முடி இருந்தது. இப்போது எடுக்கும் மருந்தில் முடி மொத்தமாகக் கொட்டாது என்று சொன்னேன். “பார்த்தவுடனே வாசகர்களுக்குப் புரியணும் மேடம், கொஞ்சம் சிரிங்க” என்றார்.

கட்டுரை வந்தது. புற்றுநோயை விரட்டியடித்த பெண் என்று தலைப்பு, கீழே ஸ்கார்ஃப் கட்டி நான் சிரிக்கும் படம். பரவியது என்ற பேச்சே கட்டுரையில் இல்லை. மாதாமாத ஊசியும் இல்லை. அந்தப் பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை, அவர் எழுதிக் கொடுத்ததை மேலே இருப்பவர்கள் வெட்டியிருக்கலாம். திருத்தம் போடச் சொல்லி எழுதினேன். படிப்பவர்களுக்கு நம்பிக்கை தர வேண்டும் என்று ஆசிரியர் குழு முடிவு செய்தது என்று பதில் வந்தது. அத்தோடு சரி.

ஒரு தலைப்புக்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் ஊசிக்கு லீவு கேட்டபோது என் மேலதிகாரி சொன்னார்: “பேப்பர்லயே குணமாயிடுச்சுன்னு போட்டிருந்தாங்களே, இன்னும் எதுக்கு லீவு?” அவர் கெட்டவரில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார். என் ஃபைலை எடுத்துக்கொண்டு போய், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, நான் இன்னும் நோயாளிதான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் படம் எடுப்பதில்லை. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்று பெயர். எண்ணெய் போலக் கெட்டியான மருந்து. நர்ஸ் அக்கா சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டிச் சூடாக்குவார், இல்லாவிட்டால் இறங்காது. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்துக்கு மேல் மெதுவாக ஏற்ற வேண்டும். அன்றைக்கு முழுவதும் ஒழுங்காக உட்கார முடியாது. அடுத்த மாதம் மறுபடியும். விரட்டியடித்தது இதைத்தானா?

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 6,70,000 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மார்பில் இருக்கும் கட்டி அப்படியே ஆளைக் கொல்வது அபூர்வம். எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவுவதால்தான் சாவு. அப்படியானால் அந்த எண்ணிக்கையில் இருப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். பரவிய நோய்க்கென்று அமெரிக்காவில் அக்டோபர் 13ஐ ஒதுக்கியிருக்கிறார்கள். மாதம் முழுவதும் பிங்க், அதில் எங்களுக்கு ஒரு நாள். ஆண்களுக்கும் இந்த நோய் வரும், நோயாளிகள் நூறு பேரில் ஒருவர் அளவுக்கு.

இந்த ரிப்பனே எப்படி வந்தது தெரியுமா? 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி, தன் குடும்பத்திலேயே பலருக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பீச் நிறத்தில் ரிப்பன் செய்து விநியோகித்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பட்ஜெட்டில் 5 சதவீதம்தான் நோய்த் தடுப்புக்குப் போகிறது, அரசியல்வாதிகளைத் தட்டி எழுப்புங்கள் என்று கூடவே ஒரு அட்டை. ஒரு பத்திரிகையும் ஒரு அழகுசாதன நிறுவனமும் சேர்ந்து செய்யலாம் என்று கேட்டபோது, இது வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தைப் பிங்க் என்று மாற்றி 1992இல் வெளியிட்டார்கள். கோரிக்கை எழுதிய அட்டை காணாமல் போயிற்று, ரிப்பன் மட்டும் உலகம் முழுக்கப் போயிற்று. இதைப் படித்த நாளிலிருந்து அந்த அம்மாவின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருந்து ஏற்றும் வார்டில் நோயாளிக்குச் சாய்வு நாற்காலி இருக்கிறது, கூட வருபவருக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கீமோ நாட்களில் என் கணவர் மணிக்கணக்கில் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். அவருக்கும் மூட்டுவலி. எழுத்து மூலம் கேட்டும் பார்த்துவிட்டோம், இடமில்லை என்கிறார்கள். கூட வருபவரும் மனிதர்தானே.

இதைப் படித்துவிட்டு, ‘இவள் விழிப்புணர்வே வேண்டாம் என்கிறாள்’ என்று யாராவது எழுதுவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் வயதுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தப் போஸ்டரைப் பார்த்துப் பரிசோதனைக்குப் போய், ஆரம்பத்திலேயே பிடித்துப் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். நான் கேட்பதெல்லாம், அதே போஸ்டரில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும், பணம் திரட்டினால் பரவிய நோய்க்கான ஆராய்ச்சிக்கு அதில் எவ்வளவு போகிறது என்று சொல்ல வேண்டும், பேட்டி எடுத்தால் நாங்கள் சொன்னதைப் போட வேண்டும். இவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில், அவர்களிடமே கேட்டுவிடுங்கள். “இந்த மாதிரிப் படமெல்லாம் அனுப்பினால் உனக்குப் பிடிக்குமா?” என்று நேராகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜெயித்தவர்கள் கதையை மட்டும் அவர்கள் கேட்காமல் அனுப்பாதீர்கள். அடுத்த ஸ்கேன் என்றைக்கு என்று கேட்டு, முடிந்தால் கூடப் போய்விட்டு வாருங்கள்.

ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்டுக்கொள்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று இரவு வலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு நானும் செய்து பார்க்கிறேன்.